பூட்டிய பெட்டியும் புட்டி மருந்தும்

குழந்தைக்குக் காய்ச்சல். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. இருமல் ஓயவில்லை. ஆலைக்குப் போகவேண்டிய தகப்பன் அன்றைய கூலியை இழந்து, பிள்ளையைத் தோளிலே போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலிலே நிற்கிறான். "ஃப்ளூவாக இருக்கலாம்" என்கிறார் டாக்டர்; சீட்டு எழுதுகிறார். மருந்துக்கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்து வைக்கிறார். விலையைக் கேட்டு மலைக்கிறான். மலைத்தாலும் பணத்தை எண்ணிக் கொடுக்கிறான். பிள்ளையைவிடப் பணமா பெரிது! ஆனால் அவன் உள்ளத்திலே ஒரு கேள்வி எழுகிறதே, அதை யாரிடம் கேட்பான்? "இந்த மருந்து என் பிள்ளைக்கு எவ்வளவு நன்மை செய்யும்?"

எளிய கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாதவனும் கேட்கக்கூடிய கேள்வி. இதற்கு நேர்மையான பதில் கிடைக்க இந்த உலகம் எத்தனை ஆண்டு காத்துக் கிடந்தது, தெரியுமா தோழர்களே? மருந்து கடைக்கு வந்தது 1999இல். அதன் சோதனைக் கணக்குகளை வெளியார் முழுதாகக் கையிலே வாங்கி, கூட்டிக் கழித்து, விடை சொன்னது 2014இல். பதினைந்து ஆண்டுகள்! 1999இலே பிறந்த பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். அவன் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தின் கணக்கு அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம். மருந்தே வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல. மருந்தைப் பழிப்பவன் பிள்ளையைப் பழிகொடுப்பான். எந்தப் பிள்ளைக்கு வேண்டும், எந்தப் பிள்ளைக்கு வேண்டாம், எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

மருந்தின் பெயர் ஒசெல்டமிவிர். ரோஷ் என்னும் சுவிட்சர்லாந்துக் கம்பெனி அதற்கு வைத்த கடைப்பெயர் டாமிஃப்ளூ. கண்டுபிடித்தது அமெரிக்காவின் கிலியட் கம்பெனி. விற்கும் உரிமையை 1996இலே ரோஷ் வாங்கிக்கொண்டது. 1999 அக்டோபரில் அமெரிக்க அரசின் அனுமதி பெரியவர்களுக்கு. 2000 டிசம்பரில் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு. இது எதிலிருந்து பிறந்தது என்று கேட்டால் வியப்பீர்கள். நம் வீட்டுப் பெண்கள் பிரியாணியிலே போடுகிறார்களே அன்னாசிப்பூ, அதிலிருந்து வடித்தெடுக்கும் ஓர் அமிலம்தான் நெடுங்காலம் இதற்கு மூலப்பொருள். அதற்காக, காய்ச்சல் வந்தால் அன்னாசிப்பூவைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! பருத்திச் செடியைச் சுற்றிக்கொண்டால் வேட்டி ஆகிவிடாது.

மருந்து வேலை செய்யும் விதம் இதுதான். ஃப்ளூ வைரஸ் நம் உடம்பின் உயிரணுவுக்குள்ளே புகுந்து, ஒன்று பலவாய்ப் பெருகி, பிறகு அதை விட்டு வெளியேறி அடுத்த உயிரணுவைத் தாக்குகிறது. வெளியேறும்போது கட்டறுத்துக்கொள்ள அதனிடம் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. அந்தக் கத்தரிக்கோலை மழுங்க அடிப்பதே இம்மருந்தின் வேலை. ஆகவே, வைரஸ் பெருகி முடித்த பின் கொடுத்துப் பெரும்பயன் இல்லை. நோய் தோன்றி 48 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். இன்னொன்றையும் மனத்திலே பதித்துக்கொள்ளுங்கள்: ஃப்ளூ வைரஸிடம் மட்டுமே இந்த வித்தை பலிக்கும். சளிக்காய்ச்சல் தரும் மற்ற வைரஸ்களிடம் பலிக்காது.

குழந்தைகளைப் பற்றிய முதல் பெரிய சோதனை 2001இலே வெளியாயிற்று. ஒன்று முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 695 பிள்ளைகள். காய்ச்சலோடு இருமலோ மூக்கொழுக்கோ உள்ளவர்கள். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு மருந்துபோலத் தோன்றும் வெறும் நீர்மம். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையிலே. முடிவு என்ன? மருந்து குடித்த பிள்ளைகளுக்கு நோய் 101 மணி நேரம் நீடித்தது. குடிக்காத பிள்ளைகளுக்கு 137 மணி நேரம். 36 மணி நேரம் மிச்சம்! நடுக்காது வீங்கிச் சீழ் வைக்கும் தொல்லை 100க்கு 21 என்பது 12 ஆகக் குறைந்தது. ஆனால் வாந்தி, 100க்கு 8 அல்லது 9 பேருக்கு வந்தது, மருந்து குடித்தவர்களிடம் 14ஆக உயர்ந்தது.

நல்ல முடிவுதானே என்பீர்கள். ஆம், மறுக்கவில்லை. எனினும் ஓர் எண்ணை நீங்கள் தாண்டிப் போய்விடக் கூடாது. அந்த 695 பிள்ளைகளில் ஃப்ளூ என்று பரிசோதனையிலே உறுதியானவர்கள் 452 பேர்தான். மற்றவர்களுக்கு வந்தது வேறு காய்ச்சல். பார்க்க ஃப்ளூ போலவே இருக்கும், ஃப்ளூ அல்ல. 36 மணி நேர மிச்சம் என்பது அந்த 452 பேரின் கணக்கு. சோதனைக்கென்று பொறுக்கி எடுத்த பிள்ளைகளிலேயே மூவரில் ஒருவருக்கு ஃப்ளூ இல்லை என்றால், நம் ஊர் டாக்டர் வீட்டு வாசலில், டெங்குவும் டைஃபாய்டும் சளிக்காய்ச்சலும் ஒன்றாய்த் திரண்டு வரும் மழைக்காலத்திலே, நிலைமை எப்படியிருக்கும்? ஃப்ளூ இல்லாத பிள்ளைக்கு இந்த மருந்து தருவது வாந்தியை மட்டுமே. காசு போனது தனி.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைத் தனியே சோதித்தார்கள். அங்கே நோய் நீடிக்கும் நாள் குறைந்ததாகத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. பலன் யாருக்கு மிகுதியும் வேண்டுமோ, அவர்களிடத்திலே பலன் மங்கிப் போயிற்று!

நிரம்பிய கிடங்குகள்

இவ்வளவுதான் கதையென்றால் நாம் இத்தனை பத்தி எழுதவேண்டியதில்லை. ஒன்றரை நாள் மிச்சப்படுத்தும் மருந்து, வாங்குகிறவன் வாங்கட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் 2005ஆம் ஆண்டு பிறந்தது. பறவைக்காய்ச்சல் அச்சம் உலகைப் பிடித்து ஆட்டியது. அரசுகள் அலறியடித்துக்கொண்டு டாமிஃப்ளூ வாங்கிக் குவித்தன. பிரிட்டன் மட்டும் இந்த ஒரு மருந்துக்குக் கொட்டியது 42 கோடியே 40 லட்சம் பவுன். அதிலே 7 கோடியே 40 லட்சம் பவுன் பெறுமானமுள்ள சரக்கை, எப்படிப் பாதுகாத்தோம் என்று பதிவு வைக்காத குற்றத்துக்காக வீணென்று தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. 2013இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே எழுதிவைத்த கணக்கு இது. அமெரிக்கா வைரஸ் எதிர்ப்பு மருந்துகளுக்காகச் செலவிட்டது 130 கோடி டாலருக்கு மேல்.

இங்கே ஒரு சுவையான செய்தி. அமெரிக்கா இப்படிக் குவித்தபோது அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட். அவர் 1997 முதல் 2001 வரை எந்தக் கம்பெனிக்குத் தலைவர் தெரியுமா? மருந்தைக் கண்டுபிடித்த கிலியட் கம்பெனிக்கு! அமைச்சரான பின்னும் பங்குகள் அவர் கையிலே இருந்தன. இந்த மருந்து பற்றிய முடிவுகளில் அவர் தலையிடாமல் ஒதுங்கிக்கொண்டார் என்று அவர் அலுவலகம் அறிவித்தது. அறிவித்ததை நாமும் அறிவித்துவிட்டோம். மேலே ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றரை நாள் காய்ச்சலைக் குறைக்க எந்த அரசும் கோடிகளைக் கொட்டாது. பின் ஏன் கொட்டின? மருந்து சாவைத் தடுக்கும், நிமோனியாவைத் தடுக்கும், ஆஸ்பத்திரிப் படுக்கைகள் நிரம்பாமல் காக்கும் என்ற நம்பிக்கையிலே. இந்த நம்பிக்கைக்கு ஆதாரம்? 2003இல் வெளியான ஒரு கட்டுரை. பத்துச் சோதனைகளைத் தொகுத்து, ஆஸ்பத்திரிக்குப் போவது பாதிக்கு மேல் குறைகிறது என்று அது சொல்லிற்று. கட்டுரைக்குப் பின்னே ரோஷின் பணம்; எழுதியவர்களிலே ரோஷின் ஊழியர்களும் உண்டு. அதுகூடக் கிடக்கட்டும். அந்தப் பத்துச் சோதனைகளிலே ஏட்டில் வெளியானவை இரண்டே இரண்டு. எட்டுச் சோதனைகள் பெட்டிக்குள்ளே!

இதைவிட வேடிக்கை, அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி தரும் துறை மருந்துச் சீட்டிலே என்ன எழுத வைத்திருந்தது? ஃப்ளூவோடு கடுமையான பாக்டீரியா நோய்கள் சேர்ந்து வரலாம். அவற்றை இந்த மருந்து தடுக்குமென்று காட்டப்படவில்லை என்று. அதே நாட்டின் நோய்த்தடுப்புத் துறையோ, ஃப்ளூவின் சிக்கல்களை மருந்து குறைக்கும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே அரசு, இரண்டு வாய்!

ஜப்பானிய டாக்டரின் கேள்வி

2009. மெக்சிகோவிலே கிளம்பிய பன்றிக்காய்ச்சல் உலகைச் சுற்றியது. ஜூன் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த ஜூலையிலே பிரிட்டனில் டாக்டரைப் பார்க்காமலே, தொலைபேசியிலே அறிகுறி சொல்லி எண் வாங்கி, டாமிஃப்ளூ பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு தொடங்கிற்று. எங்கும் அதே பேச்சு, அதே மருந்து, அதே நம்பிக்கை.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே ஜப்பானிலிருந்து ஒரு குரல். பெரிய பதவிக்காரரின் குரல் அல்ல. கெய்ஜி ஹயாஷி என்னும் குழந்தை மருத்துவர். அவர் காக்ரேன் என்னும் அமைப்புக்கு ஒரு கேள்வி எழுதினார். காக்ரேன் என்பது மருந்துகள் பற்றிய சோதனைகளைத் திரட்டி, சீர்தூக்கி முடிவு சொல்லும் உலகளாவிய அறிஞர் குழு. "சிக்கல்களைக் குறைக்கிறது என்று உங்கள் ஆய்விலே எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நீங்கள் காட்டும் ஆதாரம் அந்தப் பத்துச் சோதனைக் கட்டுரைதானே? அதில் எட்டு வெளியாகவே இல்லையே. அவற்றை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?" கேள்வியின் சாரம் இதுதான்.

உண்மையிலேயே அவர்கள் பார்த்திருக்கவில்லை! டாம் ஜெஃபர்சன் தலைமையிலான அந்த ஆய்வுக்குழு, மழுப்பவில்லை. கேள்வி நியாயமானது என்று ஏற்றது. கட்டுரை எழுதியவர்களிடம் மூலக்கணக்கு கேட்டது. கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனியைக் கேட்டது. தருகிறோம், ஆனால் ஓர் ஒப்பந்தத்திலே கையெழுத்துப் போடுங்கள் என்றது கம்பெனி. என்ன ஒப்பந்தம்? கணக்கை வெளியே சொல்லக்கூடாது. அப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கிறது என்பதையும் வெளியே சொல்லக்கூடாது!

சிரிப்பதா, சினப்பதா? கூட்டுறவுப் பண்டகசாலையின் செயலாளர் பொதுக்குழுவிலே எழுந்து, "கணக்கைக் காட்டுகிறேன், ஆனால் கணக்கு என்று ஒன்று இருப்பதையே உறுப்பினர்களிடம் சொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்யுங்கள்" என்றால், நம் தோழர்கள் அவரை மேடையிலே நிற்க விடுவார்களா? ஒரு பண்டகசாலைக்கு ஒரு நீதி. உலகத்துப் பிள்ளைகளின் மருந்துக்கு வேறு நீதி!

ஜெஃபர்சன் குழு கையெழுத்துப் போட மறுத்தது. 2009 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னல் என்னும் புகழ்பெற்ற ஏடு இதை அம்பலத்திலே ஏற்றியது. முழு அறிக்கைகளைத் தருகிறோம் என்று வாக்களித்தது ரோஷ். வாக்கு வந்தது, அறிக்கை வரவில்லை. வந்தவை முதல் சில அத்தியாயங்கள். ஐரோப்பிய மருந்து நிறுவனத்திடம் முறையிட்டு 2011இல் சில பகுதிகளை வாங்கினார்கள். 2012இல் ஏட்டின் ஆசிரியர் ஃபியோனா காட்லி கம்பெனியின் இயக்குநர் ஒருவருக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார். நடந்த கடிதப் போக்குவரத்தையெல்லாம் ஊரறிய வெளியிட்டார்கள். இறுதியிலே 2013இல் பூட்டு திறந்தது. வந்து குவிந்த ஆவணங்கள், இன்னொரு கம்பெனியின் இதே வகை மருந்தையும் சேர்த்து, ஒரு லட்சத்து அறுபதாயிரம் பக்கங்களுக்கு மேல்!

கம்பெனியின் பேச்சையும் சொல்லிவிடுவோம். அனுமதி தரும் அரசு நிறுவனங்களுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டோம், ஒளிவுமறைவு இல்லை என்றது ரோஷ். அப்படியானால் நான்கு ஆண்டு நடந்த இந்த இழுபறிக்கு என்ன பெயர் வைப்பது?

பக்கங்கள் சொன்ன பதில்

2014 ஏப்ரல் 10. 46 சோதனைகள், 24,000க்கு மேற்பட்ட மக்கள், அத்தனையும் அலசி முடித்த ஆய்வு வெளியாயிற்று. ஒசெல்டமிவிர் பெரியவர்களுக்குக் காய்ச்சல் தொல்லையைக் குறைப்பது 16.8 மணி நேரம். ஏழு நாள் என்பது ஆறு நாளும் சில மணியும் ஆகிறது. வேறு நோயில்லாத குழந்தைகளுக்கு 29 மணி நேரம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளிடம் பலன் காணப்படவில்லை. ஆஸ்பத்திரியிலே சேர்வதைக் குறைக்கிறதா? பெரியவர்களிடம் குறைக்கவில்லை, குழந்தைகளிடம் குறைக்கிறது என்று காட்டவும் கணக்கு இல்லை. வாந்தி? ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தால் ஒரு பிள்ளை கூடுதலாக வாந்தியெடுக்கும்.

கோடிகளைக் கொட்டி நிரப்பிய கிடங்குக்கு வாசலிலே மாட்டிய பலகை, "உயிர் காக்கும் மருந்து" என்பது. பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தது, ஏறத்தாழ ஒரு நாள்.

ஒரு நாள் என்பது அற்பமா? அல்ல. ஒரு நாள் முன்னதாகப் பிள்ளை எழுந்து விளையாடினால், ஒரு நாள் முன்னதாகத் தாய் வேலைக்குப் போவாள். தினக்கூலிக் குடும்பத்துக்கு ஒரு நாள் பெரிது. ஒரு நாளை ஒரு நாளென்று சொல்லி விற்றிருந்தால் குற்றமே இல்லை!

ரோஷ் இந்த முடிவை ஏற்கவில்லை. ஏற்காதவர்கள் அறிஞர்களிலும் உண்டு. 2015இல் லான்செட் ஏட்டிலே வேறொரு தொகுப்பு வந்தது. ஆஸ்பத்திரி சேர்க்கை குறைகிறது என்றது. ஆனால் அது பெரியவர்களைப் பற்றியது. அதற்குப் பணம் வந்த வழியைத் தேடினால் மீண்டும் ரோஷ் வாசல். குழந்தைகளுக்கென்றே 2018இல் ஐந்து சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 17.6 மணி நேரம் மிச்சம், ஆஸ்துமாப் பிள்ளைகளை நீக்கிவிட்டால் ஏறத்தாழ 30 மணி, காதுத்தொல்லை மூன்றிலொரு பங்கு குறைவு, வாந்தி அதிகம். ஆக, யார் கூட்டினாலும் விடை ஏறத்தாழ ஒன்றாகத்தான் வருகிறது.

நோய் வராமலே தடுக்க என்று கொடுத்த கதை இன்னொன்று. 2009இல் லண்டனின் மூன்று பள்ளிகளிலே, பக்கத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் நல்ல உடம்போடிருந்த பிள்ளைகளுக்கும் டாமிஃப்ளூ கொடுத்தார்கள். பிறகு விசாரித்தபோது, உட்கொண்ட 85 பிள்ளைகளில் 45 பேர் ஏதேனும் ஒரு தொல்லை சொன்னார்கள். குமட்டல், வயிற்றுவலி, தூக்கமின்மை. நோயில்லாத பிள்ளையை நோகடித்த புண்ணியம்!

ஜப்பானிலே 2007 மார்ச்சில் பத்து முதல் பத்தொன்பது வயதினருக்கு இம்மருந்தை நிறுத்திவைத்தார்கள். குடித்த சில சிறுவர்கள் பிதற்றினார்கள், ஓடினார்கள், மாடியிலிருந்து குதித்தார்கள் என்ற செய்திகளே காரணம். ஆனால் ஃப்ளூக் காய்ச்சலே சிறுவர்களைப் பிதற்ற வைக்கும். மருந்து குடிக்காதவர்களும் அப்படிச் செய்தார்கள். மருந்தின்மேல் குற்றம் நிலைநாட்டப்படாமல் 2018இல் தடையை நீக்கினார்கள். கம்பெனிமேல் நமக்குள்ள சினத்துக்காக, நிலைநாட்டப்படாத குற்றத்தை மருந்தின் தலையிலே சுமத்த மாட்டோம். மருந்து குடித்தாலும் குடிக்காவிட்டாலும், காய்ச்சலின் முதல் இரண்டு நாள் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், அது போதும்.

எந்தப் பிள்ளைக்கு?

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் மருந்து மோசடி, குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது" என்று ஒரு தோழர் எழுந்தால், அவரை உட்கார வைப்பதும் நம் கடமை. மேலே சொன்ன சோதனைகள் பெரும்பாலும் வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்ட, ஓரளவு நல்ல உடம்புள்ள பிள்ளைகளைப் பற்றியவை. மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியிலே கிடக்கும் குழந்தையின் கதை வேறு. அந்தக் குழந்தைகளைக் குலுக்கல் போட்டுப் பிரித்து, பாதிப்பேருக்கு வெறும் நீர்மம் கொடுத்துப் பார்க்க எந்த டாக்டருக்கு மனம் வரும்? ஆகவே நடந்ததைப் பார்த்துக் கணிக்கும் ஆய்வுகளே உண்டு. 2014இல் வந்த ஒன்று, 29,000க்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றியது. பெரியவர்களிடம் சாவு குறைந்ததாகச் சொன்னது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களிடம் அது உறுதிப்படவில்லை. அதற்கும் ரோஷ் பணம்தான். 2022இல் அமெரிக்கக் குழந்தைகள் ஆஸ்பத்திரிகளிலிருந்து ஓர் ஆய்வு வந்தது, 55,799 குழந்தைகள். சேர்ந்த முதல் ஓரிரு நாளிலேயே மருந்து பெற்றவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். பின்னர் நிலைமை முற்றித் தீவிர சிகிச்சைக்குப் போனவர்களும் குறைவு; இறந்தவர்களையும் செயற்கை நுரையீரல் இயந்திரத்தில் வைக்கப்பட்டவர்களையும் சேர்த்து எண்ணினால், அவர்களும் குறைவு. குலுக்கல் சோதனையின் உறுதி இதற்கில்லை. ஆனால் தொட்டில் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது, உறுதி வரட்டும் என்று காத்திருக்க முடியுமா? இந்த இடத்திலே மருந்தைக் கொடுக்கும் டாக்டரின் பக்கமே நாம் நிற்கிறோம்.

உலகச் சுகாதார நிறுவனமும் மெல்ல மெல்ல இந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. 2017இல் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலிலே, முதல் வரிசையிலிருந்து இதை இறக்கித் துணை வரிசையிலே வைத்தது. ஆஸ்பத்திரியிலே கடுமையாகக் கிடப்பவர்களுக்கு என்று எல்லை கட்டியது. 2024 செப்டம்பரில் தந்த வழிகாட்டலோ, லேசான ஃப்ளூவுக்கு ஒசெல்டமிவிர் வேண்டாம் என்கிறது. கடுமையான ஃப்ளூவுக்குக் கொடுக்கலாம் என்கிறது, ஆதாரம் வலுவானதல்ல என்று சொல்லிக்கொண்டே. ஆயினும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், நெஞ்சு நோய், இதய நோய் போன்றவை உள்ள பிள்ளைகளுக்கும், நோய் முற்றுமுன்னே கொடுப்பதையே விரும்புகிறார்கள். அங்கே கருத்து வேற்றுமை தீரவில்லை. உங்கள் பிள்ளை அந்த வகை என்றால் டாக்டரின் சொல்லைக் கேளுங்கள். ஏன், எதற்கு என்று வாய்திறந்தும் கேளுங்கள்.

நம் நாட்டிலே 2009இல் இந்த மருந்தைக் கடுமையான கட்டுக்குள் வைத்திருந்தார்கள். 2017இலே எச்-1 பட்டியலுக்கு மாற்றினார்கள். அதன் பொருள், டாக்டர் சீட்டு இல்லாமல் கடையிலே விற்கக்கூடாது. யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் பதிவேட்டிலே எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். "பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கேட்டது, நமக்கும் ஒரு புட்டி" என்று வாங்குவது சட்டத்துக்கும் விரோதம், பிள்ளைக்கும் விரோதம்.

வீட்டிலே பெண்களுக்குப் படித்துக் காட்டுங்கள். காய்ச்சல் பிள்ளை மூச்சு வாங்கினால், மூச்சிழுக்கும்போது விலாவுக்கடியில் குழி விழுந்தால், உதடு நீலம் பாய்ந்தால், பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தால், வலிப்பு வந்தால், அல்லது காய்ச்சல் விட்டுப்போய் மறுபடி கொதித்தால் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள், இரவானாலும் ஓடுங்கள். 48 மணி கடந்துவிட்டதே, இனி மருந்து எதற்கு என்று வீட்டிலே உட்கார்ந்துவிடாதீர்கள்; அந்தக் கெடு லேசான காய்ச்சலுக்குச் சொன்னது. காய்ச்சல் பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஃப்ளூவோடு ஆஸ்பிரின் சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் கெடுக்கும் ஒரு நோய் வரக்கூடும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி உண்டு, ஆண்டுதோறும் போடவேண்டியது, அதைப்பற்றியும் டாக்டரிடம் விசாரியுங்கள்.

பெட்டிகள் எல்லாம் திறந்துவிட்டனவா என்றால், இல்லை. இந்தப் போராட்டத்துக்குப் பிறகு ஐரோப்பிய மருந்து நிறுவனம், 2015 முதல் வரும் புது மருந்துகளின் சோதனை அறிக்கைகளை வெளியிட ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலே 2009 ஜூன் முதல் எந்த மருந்துச் சோதனையையும் தொடங்குமுன் அரசுப் பதிவேட்டிலே பதிய வேண்டும் என்பது விதி. பதிவது நல்லதே. ஆனால் சோதனை தொடங்கியது என்று பதிவது வேறு. முடிந்தபின் முழு அறிக்கையையும் மக்கள் முன் வைப்பது வேறு. அடுத்த தொற்று வரும்போது நம் ஆட்சியாளர்களும் கோடிக்கணக்கிலே ஏதோ ஒரு மருந்துக்கு டெண்டர் விடுவார்கள். அந்த டெண்டர் படிவத்திலே ஒரு வரி சேர்க்கச் சொல்லி நம் சட்டமன்ற உறுப்பினர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் இன்றைக்கே கேட்க வேண்டும்: சரக்கோடு சேர்த்து, வெளியானது வெளியாகாதது அத்தனை சோதனைகளின் முழு அறிக்கையையும் கம்பெனி ஒப்படைக்க வேண்டும், ஒப்படைத்ததை அரசு அச்சிட வேண்டும்.